ஒரு நாள் லீவு, ஒரு முலாம்பழம்

1619ம் வருடம், நவம்பர் 10. தெற்கு ஜெர்மனியில், டான்யூப் நதிக்கரையோரம் ஓர் ஊர். குளிர் ஆரம்பித்துவிட்டது. ஒரு சின்ன அறை. அதற்குள் ஒரு கணப்பு. கணப்புக்குப் பக்கத்தில் ஓர் இளைஞன். பிரெஞ்சுக்காரன். வயது 23.

பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. தலை போகிற வேலை எதுவும் கிடையாது. கவலை இல்லை, காதல் கீதல் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு நாள் பூராவும் உட்கார்ந்து யோசித்தான்.

அவ்வளவுதான் சம்பவம். யாரும் சாகவில்லை. எந்தக் கோட்டையும் விழவில்லை. ஆனாலும் சரித்திரம் அந்தத் தேதியை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஏனென்றால், அறைக்குள் இருந்தவன் பெயர் ரெனே டெகார்ட். எழுத்துக் கூட்டிப் படித்தால் டெஸ்கார்ட்டஸ். பள்ளிக்கூடத்தில் கிராஃப் பேப்பர் வாங்கி எக்ஸ், ஒய் என்று இரண்டு கோடு போட்டோமே, அதற்கு 'கார்ட்டீசியன்' என்று பேர் வந்தது இவரால்தான். நவீன தத்துவத்தின் தகப்பன் என்று சொல்கிறவர்கள் உண்டு.

தனியாக ஒரு நாள் எங்காவது போய் உட்கார்ந்து நம் வாழ்க்கையைப் பற்றி நாமே யோசித்தால் என்ன? இந்த ஆசை யாருக்குத்தான் இல்லை? அப்படி ஒரு நாள் கிடைத்தவருக்கு என்ன கிடைத்தது, அதற்கு என்ன விலை, அந்த விலையை யார் கொடுத்தார்கள்? டெகார்ட் கதையில் இந்த மூன்றுக்குமே பதில் இருக்கிறது.

முதலில், அந்த மனுஷன் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று பார்த்துவிடலாம்.

* * *

1596ல் பிறந்தவர். ஒரு வயது தாண்டியதுமே அம்மா போய்விட்டார். அப்பாவுக்கு பிரிட்டனி மாகாண நீதிமன்றத்தில் பெரிய உத்தியோகம். பையனை வளர்த்தது பாட்டி. பிறகு லா ஃபிளெஷ் என்ற ஊரில் இருந்த இயேசு சபைப் பாதிரியார்களின் கல்லூரி. பையன் நோஞ்சான். எனவே ஒரு சலுகை கிடைத்தது. மற்ற பையன்கள் விடியலில் எழுந்து ஓடும்போது, இவன் மட்டும் படுக்கையிலேயே கிடக்கலாம். கிடந்தபடி யோசிக்கலாம். அந்தப் பழக்கத்தை ஆயுசு பூராவும் அவர் விடவே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

படித்து முடித்தார். சட்டத்தில் பட்டமும் வாங்கினார். திருப்தி இல்லை. அத்தனை புத்தகம் படித்தும், இது நிச்சயம் என்று எதைப் பற்றியும் சொல்ல முடியவில்லையே என்பது அவர் பிரச்னை. கணக்கு ஒன்றில்தான் சந்தேகம் வரவில்லை. போதும் புத்தகம், உலகத்தைப் பார்க்கலாம் என்று 1618ல் ஹாலந்து போய் ராணுவத்தில் சேர்ந்தார். பிரேடா என்ற ஊரில் ஐசக் பேக்மன் என்ற அறிஞரைச் சந்தித்ததும் அப்போதுதான். தூங்கிக்கொண்டிருந்த கணித ஆசையை எழுப்பிவிட்டவர் பேக்மன். அந்தச் சந்திப்பு நடந்த தேதி, 1618 நவம்பர் 10. சரியாக ஒரு வருடத்துக்கு முன்னால்.

இந்த இடத்தில் யுத்தத்தைப் பற்றியும் இரண்டு வரி சொல்லியாக வேண்டும். 1618ல் ஐரோப்பாவில் ஒரு சண்டை மூண்டது. முப்பதாண்டுப் போர் என்று பின்னால் பேர் வைத்தார்கள். ஒரு பக்கம் கத்தோலிக்கச் சக்கரவர்த்தி இரண்டாம் ஃபெர்டினாண்ட். 1619 செப்டம்பரில் ஃபிராங்ஃபர்ட்டில் அவருக்கு முடிசூட்டு விழா. இன்னொரு பக்கம் புராட்டஸ்டண்டுகள். ஃபெர்டினாண்ட் எங்களுக்கு ராஜா இல்லை என்று பொஹீமியாக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ஃபிரெடரிக் என்ற இளவரசரைக் கூட்டிவந்து, நவம்பர் 4ம் தேதி பிராக் நகரில் அவர் தலையில் கிரீடத்தை வைத்தார்கள். சக்கரவர்த்தி சும்மா இருப்பாரா? அவர் சார்பில் பவேரியா கோமகன் மாக்ஸிமிலியன் படை திரட்டினார்.

ஃபிராங்ஃபர்ட் முடிசூட்டு விழாவை வேடிக்கை பார்த்துவிட்டு, டெகார்ட் சேரப் போனது இந்தப் படையில்தான். வழியில் குளிர் பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்தில் குளிர்காலம் வந்தால் யுத்தத்துக்கே லீவு. பாதை உறைந்துவிடும், குதிரைக்குத் தீனி கிடைக்காது. அவரவர் கிடைத்த ஊரில் முடங்கவேண்டியதுதான். டெகார்டும் முடங்கினார்.

ஆக, அந்த நாள் திட்டம் போட்டு எடுத்துக்கொண்ட லீவு இல்லை. தானாக வந்து விழுந்தது. விழுந்ததை அவர் வீணடிக்கவில்லை.

* * *

அறைக்குள் கிடந்தது அந்த ஒரு நாள் மட்டுமல்ல. அந்தக் குளிர்காலம் பெரும்பாலும் அப்படித்தான் கழிந்தது. ஆனால், இதுதான் அந்த நாள் என்று தன் நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வைத்தது நவம்பர் 10ஐத்தான்.

என்ன யோசித்தார்? 18 வருடம் கழித்து, 1637ல் வெளியிட்ட புத்தகத்தில் அவரே சொல்கிறார். பல பேர் கை வைத்து ஒட்டுப்போட்டுக் கட்டிய வீட்டைவிட, ஒரே ஆள் திட்டமிட்டுக் கட்டிய வீடு நன்றாக இருக்கும். தானாக வளர்ந்த பழைய நகரத்தில் தெருக்கள் கோணல்மாணலாக இருக்கும். ஒரே பொறியாளர் சமவெளியில் கோடு போட்டுக் கட்டிய நகரம் சீராக இருக்கும். நம் மண்டையும் அந்தப் பழைய நகரம் மாதிரிதானே? அம்மா சொன்னது, வாத்தியார் சொன்னது, ஊர் சொன்னது, புத்தகம் சொன்னது என்று பல பேர் கட்டிய சந்துகள். எது சரி, எது தப்பு என்று நாம் எப்போது சோதித்துப் பார்த்தோம்?

இடித்துவிடலாம் என்று முடிவெடுத்தார். ஊரை அல்ல. ஊரில் இருக்கிற எல்லா வீட்டையும் ஒரே நாளில் இடிக்க யாராலும் முடியாது, கூடவும் கூடாது. என் வீட்டை மட்டும் நான் இடித்துக் கட்டிக்கொள்கிறேன், அதில் யாருக்கு என்ன நஷ்டம்? இதுதான் அவர் வாதம்.

எப்படிக் கட்டுவது என்பதற்கு நான்கே விதிகள். தெள்ளத்தெளிவாகத் தெரியாத எதையும் உண்மை என்று ஒப்புக்கொள்ளாதே. பெரிய பிரச்னையைச் சின்னச் சின்னதாகப் பிரி. சுலபமானதில் ஆரம்பித்துக் கஷ்டமானதுக்குப் போ. எதையும் விட்டுவிடவில்லையே என்று கடைசியில் மறுபடி எண்ணிப் பார். ஒரு நல்ல கணக்குப்பிள்ளை தினம் செய்கிற காரியம்தான். அதை மனுஷ அறிவு முழுசுக்கும் நீட்டலாம் என்று நினைத்ததுதான் புதுசு.

எனக்கு அதைவிடப் பிடித்த விஷயம் வேறு. வீட்டை இடித்துக் கட்டுகிறவர்கள் என்ன செய்வார்கள்? பக்கத்துத் தெருவில் வாடகைக்கு ஒரு வீடு பிடிப்பார்கள். டெகார்டும் பிடித்தார். பழைய நம்பிக்கைகளை எல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கும் காலத்தில், தினசரி வாழ்க்கையை எப்படி ஓட்டுவது? அதற்குத் தற்காலிகமாகச் சில ஒழுங்குகளை வகுத்துக்கொண்டார். நாட்டின் சட்டதிட்டத்துக்கு, வழக்கத்துக்கு ஒத்துப் போ. ஒன்றைச் செய்வதென்று தீர்மானித்துவிட்டால் பாதியில் தடுமாறாதே. காட்டில் வழி தவறியவன் ஏதாவது ஒரே திசையில் நேராக நடந்தால் எங்காவது வெளியே வருவான். சுற்றிச் சுற்றி வந்தால் காட்டுக்குள்ளேயேதான் கிடப்பான். மூன்றாவது, உலகத்தை மாற்றுவதைவிட உன் ஆசையை மாற்றுவது சுலபம்.

தனியாக யோசிக்கப் போகிற பலர் இந்த வாடகை வீட்டை மறந்துவிடுகிறோம். ஒரு நாள் யோசித்துவிட்டு, மறுநாள் காலை வேலையை ராஜினாமா செய்கிறவர்கள் உண்டு. டெகார்ட் எதையும் அப்படித் தூக்கி எறியவில்லை. இதற்கு எனக்கு வயசு போதாது, இன்னும் அனுபவம் வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குளிர்காலம் முடிவதற்குள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். அடுத்த 9 வருடம் ஊர் ஊராகச் சுற்றினார். ஒரு நாளில் கிடைத்தது வரைபடம் மட்டும்தான். வீடு கட்டப் பல வருடம் பிடித்தது.

* * *

சரி, முலாம்பழம் எங்கே?

அன்றைக்கு ராத்திரி, தலை நிறைய உற்சாகத்தோடு படுத்தார். வரிசையாக மூன்று கனவுகள் வந்தன.

முதல் கனவு பயங்கரம். ஏதேதோ உருவங்கள் பயமுறுத்துகின்றன. வலது பக்கம் பலமே இல்லை. இடது பக்கமாகச் சாய்ந்து, கூனிக்கொண்டு நடக்கிறார். சுழற்காற்று பிடித்து ஒற்றைக்காலில் மூன்று நான்கு சுற்றுச் சுற்றிவிடுகிறது. வழியில் ஒரு கல்லூரி. உள்ளே ஒரு கோயில். பிரார்த்தனை செய்யலாம் என்று போகிறார். தெரிந்தவர் ஒருவருக்கு வணக்கம் சொல்லாமல் தாண்டி வந்தது ஞாபகம் வருகிறது. திரும்பலாம் என்றால் காற்று விடவில்லை. அப்போது முற்றத்தில் நின்ற ஒருத்தர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். இன்னாரைப் பார்க்கப் போனால் அவர் உனக்கு ஒன்று தருவார் என்கிறார். அது வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு முலாம்பழம் என்று டெகார்டுக்குத் தோன்றுகிறது. மற்ற எல்லோரும் நிமிர்ந்து நிற்கிறார்கள். இவர் மட்டும் தள்ளாடுகிறார்.

விழிப்பு வந்துவிட்டது. புரண்டு படுத்துப் பிரார்த்தனை செய்தார். இரண்டு மணி நேரம் தூக்கமில்லை. இரண்டாவது கனவில் இடி மாதிரி ஒரு சத்தம். கண் திறந்தால் அறையெல்லாம் நெருப்புப் பொறி. மூன்றாவது மட்டும் சாந்தமான கனவு. மேஜையில் ஓர் அகராதி, ஒரு லத்தீன் கவிதைத் தொகுதி. கவிதைப் புத்தகத்தைப் பிரித்தால், வாழ்க்கையில் எந்தப் பாதையில் போவது என்று கேட்கிற ஒரு பாட்டு கண்ணில் படுகிறது. தூக்கத்திலேயே இது கனவு என்று புரிந்து, தூக்கத்திலேயே அர்த்தமும் சொல்லத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் செயின்ட் மார்ட்டின் திருநாள். அதற்கு முந்தைய ராத்திரி ஊரே குடிக்கும். அதனால்தானோ என்னவோ, மூன்று மாதமாக நான் ஒயினைத் தொடவில்லை என்றும் ஜாக்கிரதையாக எழுதி வைத்தார். அந்த நோட்டுப் புத்தகம் பிற்பாடு தொலைந்துபோனது. அதற்குள் அட்ரியன் பையே என்பவர் படித்துவிட்டு, 1691ல் எழுதிய டெகார்ட் வாழ்க்கை வரலாற்றில் விவரமாகச் சொல்லிவிட்டார். நாம் பிழைத்தோம்.

அந்த முலாம்பழத்துக்கு டெகார்ட் சொன்ன அர்த்தம்தான் விசேஷம். அது தனிமையின் இனிப்பாம். ஆனால், வெறும் மனித ஆசையாக வந்து மயக்குகிற இனிப்பாம். 1929ல் ஒருவர் இந்தக் கனவுகளைப் பற்றி சிக்மண்ட் ஃப்ராய்டிடம் கேட்டார். கனவு கண்டவர் எதிரில் இல்லாமல் அதிகம் சொல்ல முடியாது என்றார் ஃப்ராய்ட். தனிமை என்கிற அர்த்தம் சரியாக இருக்காது, ஆனால் சரியான அர்த்தத்துக்கு அது வழிகாட்டலாம் என்றும் சொன்னார்.

ஃப்ராய்ட் கிடக்கட்டும். நாள் பூராவும் தனிமையில் கிடந்து, வாழ்நாளின் பெரிய கண்டுபிடிப்பைச் செய்த மனுஷன், அன்று ராத்திரியே அந்தத் தனிமையைச் சந்தேகப்பட்டிருக்கிறார். தின்னவும் ஆசை, தின்றால் வயிற்றுக்கு ஆகுமா என்ற பயமும். அந்த நாளைப் பற்றிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள்.

* * *

ஆசைதான் ஜெயித்தது. தாய்வழியில் வந்த சொத்துகளை விற்றார். அந்தப் பணத்தின் வருமானத்தில் ஜீவனம். 1628 கடைசியில் ஹாலந்து போனார். 20 வருடம் அங்கேயே இருந்தார். அடிக்கடி வீடு மாற்றினார். காட்டுக்கு ஓடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆம்ஸ்டர்டாம் மாதிரி நெரிசலான வியாபார நகரத்தில், எல்லோரும் லாப நஷ்டத்தில் மும்முரமாக இருக்கும்போது, ஒருத்தரும் என்னைக் கவனிக்கமாட்டார்கள், வனாந்தரத்தில் இருப்பது மாதிரியே இருக்கலாம் என்று குஷியாக எழுதினார். நகரத்தில் குடியிருக்கிற நமக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது.

ஆனால், தனிமை என்று அவர் சொன்னது முழுத் தனிமையும் அல்ல. ஆம்ஸ்டர்டாமில் அவர் குடியிருந்த வீட்டில் ஹெலனா என்று ஒரு வேலைக்காரப் பெண். அவர்களுக்கு 1635ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஃபிரான்ஸின் என்று பேர். 5 வயதில் காய்ச்சலில் செத்துப்போனது. டெகார்ட் நொறுங்கிப்போனார். கணப்பறை விதிகள் நான்கும் அதற்கு உதவவில்லை.

அடுத்த வருடம் 'தியானங்கள்' என்ற நூல் வந்தது. கணப்புக்கு முன்னால் ஒருவன் உட்கார்ந்து, வாழ்வில் ஒரு தடவையாவது எல்லாவற்றையும் அடியோடு சந்தேகித்துப் பார்ப்பது என்று தொடங்குகிறது. ஆறு தியானங்கள், ஆறு நாள் யோசனை மாதிரி. பழைய கணப்பறைதான். இந்தத் தடவை உலகமே படித்தது.

படித்தவர்களில் ஒருவர் ஓர் இளவரசி. பெயர் எலிசபெத். 1643ல் அவருக்கு 24 வயது. ஹாலந்தில் அகதியாக இருந்தார். யார் தெரியுமா? 1619 நவம்பர் 4ம் தேதி பிராக் நகரில் முடிசூட்டிக்கொண்டாரே ஃபிரெடரிக், அவருடைய மகள். மறு வருடமே, 1620 நவம்பர் 8ம் தேதி, வெள்ளை மலை என்ற இடத்தில் ஃபிரெடரிக்கின் படை தோற்றது. தோற்கடித்த படைகளில் பவேரியா மாக்ஸிமிலியனின் படையும் ஒன்று. கணப்பறை இளைஞன் சேரப் போனானே, அதே படை. ராஜ்ஜியம் போய், குடும்பமே தெருவுக்கு வந்துவிட்டது.

எலிசபெத் ஒரு கேள்வி அனுப்பினார். மனசு வேறு, உடம்பு வேறு என்கிறீர்களே, எடையோ உருவமோ இல்லாத மனசு, உடம்பை எப்படி அசைக்கிறது? நேரடியான கேள்வி. டெகார்டால் கடைசி வரைக்கும் திருப்தியாகப் பதில் சொல்ல முடியாத கேள்வி. அடுத்த கடிதத்தில், எனக்கு இதையெல்லாம் உட்கார்ந்து யோசிக்க நேரமே இல்லை என்கிறார் எலிசபெத். குடும்ப விவகாரம், தவிர்க்க முடியாத பேச்சுகள், மரியாதைக்குச் செய்தாக வேண்டிய காரியங்கள். எல்லாம் முடியும்போது மூளை எதற்கும் லாயக்கில்லாமல் களைத்துவிடுகிறது.

டெகார்ட் சமாதானமாக எழுதினார். இந்த மாதிரி ஆழமான யோசனைக்கு நானே வருடத்துக்குச் சில மணி நேரம்தான் ஒதுக்குகிறேன். கணக்குக்கு, தினம் சில மணி நேரம். பாக்கியெல்லாம் ஓய்வு. வாழ்வில் ஒரு தடவை அடிப்படைகளை நன்றாக யோசித்துவிட்டால் போதும். அதிலேயே கிடந்தால் கெடுதல் என்றார். அவ்வளவு தொந்தரவுகளுக்கு நடுவே நீங்கள் எப்படி இவ்வளவு யோசிக்கிறீர்கள் என்று ஆச்சரியமும் பட்டார்.

நல்ல ஆச்சரியம்தான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். தெற்கு ஜெர்மனி வீடுகளில் கணப்புக்கு ஒரு வசதி உண்டு. ஓடு பதித்த பெரிய அடுப்பு அறைக்குள் இருக்கும். விறகு போடுகிற வாய் பெரும்பாலும் சுவருக்கு அந்தப் பக்கம். உள்ளே இருப்பவருக்குப் புகை வராது, சாம்பல் அள்ள வேண்டாம், எழுந்திருக்கவே வேண்டாம். வெளியே யாரோ ஒருத்தர் விறகு போட்டுக்கொண்டே இருப்பார். உள்ளே யோசித்தவர் பெயர் உலகத்துக்கே தெரியும்.

* * *

கடைசிக் காட்சி ஸ்வீடனில்.

மகாராணி கிறிஸ்டினாவுக்கு தத்துவம் படிக்க ஆசை. 1649ல் டெகார்டை ஸ்டாக்ஹோமுக்கு அழைத்தார். டெகார்டும் தயங்கித் தயங்கிப் போனார். 1650 ஜனவரியில் பாடம் ஆரம்பம். மகாராணிக்கு அப்போது 23 வயது. கணப்பறையில் டெகார்டுக்கு என்ன வயதோ, அதே வயது. ராஜாங்க வேலை நெட்டித் தள்ளியது. நாள் பூராவும் மந்திரிகள், தூதர்கள். யாரும் தொந்தரவு செய்யாத ஒரே நேரம் அதிகாலை 5 மணி. பாடம் அப்போதுதான் என்று சொல்லிவிட்டார்.

லா ஃபிளெஷ் கல்லூரியிலிருந்து படுக்கையில் கிடந்து யோசித்தே பழகிய மனுஷன், 53 வயதில், ஸ்வீடன் குளிரில், இருட்டோடு எழுந்து அரண்மனை போனார். இங்கே தண்ணீர் உறைவது மாதிரி மனிதர்களின் சிந்தனையும் உறைந்துபோகிறது என்று ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். நான்கைந்து பாடம்தான் நடந்திருக்கும். நிமோனியா பிடித்துக்கொண்டது. பிப்ரவரி 11ம் தேதி விடியற்காலை உயிர் போய்விட்டது.

கிறிஸ்டினாவைத் திட்டுவது சுலபம். ஆனால், அவரும் தேடியது அதே ஒன்றைத்தான். யாரும் கதவைத் தட்டாத ஒரு மணி நேரம். ஒருத்தருடைய அமைதி நேரத்துக்கு இன்னொருத்தருடைய அமைதி நேரம் பலியானது.

ஆகவே, தனியாக ஒரு நாள் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகப் போங்கள். திரும்பி வரும்போது கையில் முழு விடை இருக்காது. ஒரு வரைபடமும், ஒரு வாடகை வீட்டுச் சாவியும் இருந்தால் லாபம். ஆனால் கிளம்புவதற்கு முன்னால், அன்றைக்கு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார், பெரியவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார், காஸ் சிலிண்டர் வந்தால் கதவைத் திறப்பது யார் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். அநேகமாக எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான் வரும். அந்தப் பெயருக்கு உரியவர் கடைசியாக எப்போது ஒரு நாள் தனியாக உட்கார்ந்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்த வாரம் அவர் போகட்டும். விறகு நீங்கள் போடுங்கள்.